கொலுவுக்கு ஆன்லைனில் பொம்மை வாங்குகிறவர்கள், பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

ஆடி பிறந்ததிலிருந்து அந்த வீடியோக்கள் மறுபடி என் போனில் வர ஆரம்பித்துவிட்டன. தசாவதாரம் பத்தும் வரிசையாக நிற்கும், பின்னால் நாதஸ்வரம் ஒலிக்கும், "பண்ருட்டி பேப்பர் பொம்மை, செய்யற இடத்து விலை, ஸ்டாக் கொஞ்சம்தான்" என்று எழுத்து ஓடும். போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி அதில் ஒன்றைப் போட்டு, "வாங்கலாமாக்கா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு இரண்டு வரி பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை.

எனக்கு நடந்தது 2024 நவராத்திரியில். அம்பத்தூரில் இந்த வீட்டுக்கு வந்து நாங்கள் வைத்த முதல் கொலு அது. கும்பகோணத்திலிருந்து அம்மா இரண்டு பொருள் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று, மரப்பாச்சி ஜோடி. இன்னொன்று, பாட்டி காலத்து மண் பொம்மை, தவழ்கிற வெண்ணெய்க் கிருஷ்ணன். வலது கன்னத்தில் வண்ணம் போயிருக்கும். சின்ன வயதில் நான் ஈரத்துணியால் துடைத்ததால் போனது.

மொத்தச் செலவு நாலாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று நானும் இவரும் முடிவு செய்தோம். ரெடிமேட் இரும்புப் படியை விசாரித்தால், ஐந்து படிக்கே எங்கள் மொத்தக் கணக்கும் போய்விடும் போலிருந்தது. அதனால் படியை நானே கட்டினேன். ஜெராக்ஸ் கடைகளில் ஏ4 பேப்பர் வருகிற அட்டைப்பெட்டி இருக்கும் பாருங்கள், மூடியோடு, எல்லாம் ஒரே அளவில். பெட்டிக்குப் பத்து ரூபாய் கொடுத்துப் பதினெட்டு வாங்கினேன். முன் வரிசையில் ஒரு அடுக்கு, அதற்குப் பின் இரண்டு அடுக்கு, அதற்கும் பின் மூன்று அடுக்கு என்று வைத்து, வரிசைக்கு மூன்றாகச் சேர்த்து டேப் ஒட்டினால் மூன்று படி வந்துவிடும். மேல் இரண்டு படிக்கு வீட்டிலிருந்த மேசையும், அதன்மேல் ஒரு டிரங்குப் பெட்டியும். எல்லாவற்றுக்கும் மேலே மாமனாரின் எட்டு முழ வேட்டியை விரித்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்தினேன். பக்கத்தில் பூங்காவுக்குத் தட்டில் மண் போட்டு, கடுகும் கேழ்வரகும் அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால் தூவிவிட்டேன். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். படிக்கும் பூங்காவுக்கும் சேர்த்து நானூறு ரூபாய்கூட ஆகவில்லை. இதையெல்லாம் செய்தபோது இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது. கையில் காசு குறைவாக இருந்தால் இப்படியே செய்யுங்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஏமாந்தது இங்கே இல்லை.

அட்டைப் படி என்பதால் பொம்மை இலேசாக இருந்தாக வேண்டும். அதனால்தான் பேப்பர் பொம்மை தேடினேன். ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒன்பது அங்குல தசாவதாரம் செட் 1,850 ரூபாய், கூரியர் இலவசம் என்றிருந்தது. பத்து பொம்மைக்கு அந்த விலை எப்படிக் கட்டும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டேன். "பியூர் பேப்பர் சிஸ், கீழ விழுந்தாலும் உடையாது" என்று பதில் வந்தது. என் படி அட்டைப் படி, வெயிட் தாங்காது என்பதையும் அவர்களிடம் எழுதினேன். அதற்கும் "நோ வெயிட் சிஸ், பயப்படாதீங்க" என்றார்கள். அந்த உரையாடல் இன்னும் என்னிடம் இருக்கிறது. முழுப்பணமும் முன்னாலேயே அனுப்பினால்தான் புக்கிங் என்றார்கள். அனுப்பினேன்.

பார்சல் வந்தது செப்டம்பர் 29 ராத்திரி. அமாவாசைக்கு மூன்றே நாள். தூக்கும்போதே கை தாழ்ந்தது. பிரித்தால் மச்சாவதாரத்தின் வால் துண்டாகக் கிடந்தது, பரசுராமர் கையில் கோடாலி இல்லை, வாமனர் குடை மூன்று துண்டு. உடைந்த இடமெல்லாம் உள்ளே வெள்ளை வெளேரென்று, சாக்பீஸை ஒடித்த மாதிரி. விரலால் தேய்த்தால் மாவு ஒட்டியது. சமையலறைத் தராசில் நரசிம்மரை வைத்தேன். ஒரு கிலோ இருநூற்று எழுபது கிராம்.

உடனே போட்டோ அனுப்பிக் கேட்டேன். "திக்கா பண்ணது சிஸ், அதான் வெயிட். குவாலிட்டி" என்றார்கள். உடைந்ததற்குப் பிரிக்கிற வீடியோ கேட்டார்கள். இவர் எடுத்திருந்தார், அனுப்பினேன். நடுவில் கத்தரி எடுக்கத் திரும்பிய இரண்டு விநாடி பார்சல் படத்தில் இல்லையாம், அதனால் ஏற்க முடியாதாம். அம்மாவிடம் சொன்னேன். "நாள் இல்லைடி, இருக்கறதை ஒட்டி வை" என்றார். ஒட்டினேன். அமாவாசையன்று மூன்றாம் படியில் பத்தையும் அடுக்கினேன். கனம் தெரிந்தும் வைத்தது என் தப்பு. ஆனால் அதைப் பேப்பர் என்று சொல்லி விற்றது அவர்கள்.

அக்டோபர் 5, சனிக்கிழமை. மூன்றாம் நாள் சாயங்காலம். பக்கத்து வீட்டு மாமியும் பேத்தியும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிய அரை மணி நேரம் இருக்கும். அட்டை கிழிகிற சத்தம்கூட இல்லை. மெத்தையில் ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி ஒரு சத்தம். மூன்றாம் படியின் நடுப்பெட்டியில் மூடி உள்ளே போய்விட்டது. இரண்டு நாள் மழை ஈரத்தில் அட்டை ஏற்கெனவே நைந்திருக்க வேண்டும். நரசிம்மர் முன்னால் சாய்ந்து இரண்டாம் படியில் விழுந்தார். அங்கே இருந்தது வெண்ணெய்க் கிருஷ்ணன். அவர் உருண்டு தரையில் விழுந்தார். வேட்டியின் ஒரு மடிப்பு குண்டூசியோடு பிய்ந்து வந்து, எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்குக்கு ஒரு சாண் தள்ளித் தொங்கியது. இவர் பாய்ந்து விளக்கை மலையேற்றினார். அந்தக் குழந்தை அரை மணி நேரம் முன்பு அந்த இடத்தில்தான் உட்கார்ந்து பாட்டுப் பாடியது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை சில்லிட்டுப் போகிறது.

கிருஷ்ணன் இரண்டாக உடைந்திருந்தார். இடுப்புக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு. வெண்ணெய் வைத்த கை மட்டும் முழுசாக இருந்தது.

மறுநாள் மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக்கு நரசிம்மரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். நடைபாதையில் பொம்மை போட்டிருந்த ஒரு அம்மா வாங்கிப் பார்த்தார். பார்க்கக்கூட இல்லை, கையில் ஏந்தியதுமே, "இது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்மா. பேப்பர்னா சொன்னாங்க?" என்றார். தன் கடையிலிருந்து அதே உயரத்தில் ஒரு முருகனை எடுத்து என் இன்னொரு கையில் வைத்தார். காலித் தேங்காய் ஓட்டைத் தூக்குவது போலிருந்தது. தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். உள்ளே கூடு. பழுப்புக் காகிதம் அடுக்கடுக்காக, ஒட்டின ஓரம் தெரிந்தது. அச்சில் காகிதத்தை ஒட்டிக் காயவைத்து, இரண்டு பாதியைச் சேர்த்து, மேலே சுண்ணாம்பு மாவுப் பூச்சு கொடுத்து, தேய்த்து, அப்புறம் வண்ணம். ஒவ்வொன்றும் வெயிலில் காய வேண்டும். "அந்த விலைக்கு எங்களால குடுக்க முடியாதும்மா. குடுக்கறேன்னு சொன்னா நம்பாத" என்றார். அவர் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம்தான். தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி யாரோ இப்படி விற்பதில் என்னைவிட அவருக்குத்தான் அதிக வருத்தம்.

அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். வண்ணத்தைச் சுரண்டி, வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர் என்று முடிவு கட்டாதீர்கள். பேப்பர் பொம்மைக்கும் மேல்பூச்சு வெள்ளைதான். அடிப்பாகத்தைப் பாருங்கள். பேப்பர் என்றால் உள்ளே கூடாக இருக்கும், அல்லது அடியைக் காகிதம் வைத்து மூடியிருப்பார்கள். விரல் கணுவால் தட்டினால் மந்தமாகக் கேட்கும். ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால் வீடியோ கால் போட்டு, நீங்கள் கேட்கிற பொம்மையை அப்போதே தலைகீழாகத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக விற்கிறவருக்கு அது ஒரு நிமிட வேலை.

பிளாஸ்டர் பொம்மை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, முகம் திருத்தமாக வரும். பிளாஸ்டர் என்று சொல்லி விற்றால், பலகைப் படியில் தாராளமாக வைக்கலாம்.

இதோடு முடிந்திருந்தால் 1,850 ரூபாயோடு போயிருக்கும். உடைந்த படி, கிருஷ்ணன், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று எழுதினேன். உடனே குரல் மாறியது. "சாரி சிஸ், ஃபுல் ரீஃபண்ட் தர்றோம். ரிக்வெஸ்ட் வரும், அக்செப்ட் குடுங்க" என்றார்கள். அக்டோபர் 7, திங்கட்கிழமை, ஆபீஸில் மாதக் கணக்கு முடிக்கிற அவசரத்தில் இருந்தேன். யுபிஐ ஆப்பில் 1,850 என்று தொகை வந்தது, பேர் சரியாக இருந்தது. ரகசிய எண்ணை, அதாவது பின் (PIN) நம்பரைப் போட்டேன். பணம் வரவில்லை, இன்னொரு 1,850 போனது. அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் பின் (PIN) நம்பர் தேவையே இல்லை. எனக்கு இது தெரியும். தெரிந்தும் போட்டேன், ஏனென்றால் அவர்கள் மன்னிப்புக் கேட்டதும் நான் இளகிவிட்டேன். தனிநபருக்குத் தனிநபர் அப்படிப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்புகிற வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, ரீஃபண்ட் வந்துடும்" என்று கேட்டால் அதுவும் இதே திருட்டுதான். பின் நம்பர் கேட்டால் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

அன்று சாயங்காலம் 1930க்குப் போன் செய்தேன். சைபர் குற்றத்துக்கான எண் அது. பணம் போன உடனே கூப்பிட்டால், வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. நான் ஆறு மணி நேரம் தள்ளிக் கூப்பிட்டேன். புகார் எண் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. பொம்மைக்காக 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். விற்றவரின் பெயர், முகவரி, பில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரும் ஒரு செல் நம்பரும். பார்சல் மேல் அனுப்புநர் இடத்தில் ஊர்ப் பெயர்கூட இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் யார்மேல் போடுவது? 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் கடை நடத்துகிறவர்கள் பெயரையும் முகவரியையும் குறை சொல்ல வேண்டிய ஆளையும் காட்ட வேண்டும். அது இல்லாத பக்கத்துக்குப் பணம் அனுப்பினால், பின்னால் தேடிப் பிடிக்க ஆளே இருக்காது. எனக்கு அதுதான் நடந்தது.

அட்டைப் படி கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டியைக் காலியாக விடாதீர்கள். பழைய செய்தித்தாளை மூடியை முட்டுகிற வரைக்கும் அழுத்தி அடைத்து, மூடிமேல் நீளமாக ஒரு பலகை போடுங்கள், அப்போதுதான் கனம் ஒரே பெட்டியில் இறங்காது. மரக்கடையில் மிச்சத் துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும், நான் போன வருஷம் மூன்று துண்டு வாங்கினேன். விளக்கைத் துணியிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள், தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில்.

உடைந்த பொம்மையைக் கொலுவில் வைக்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அம்மாவிடம் கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அவன் உங்க பாட்டி கையால வாங்கினவன். ஒட்டி வை, ஒண்ணும் ஆகாது" என்றார். ஒட்டி வைத்திருக்கிறேன். இடுப்பில் அரைஞாண் மாதிரி ஒரு கோடு இருக்கிறது.

இதை எழுதி முடிக்கும்போது அந்தப் பெண்ணிடமிருந்து மெசேஜ். நான் சொன்னபடி, பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி வீடியோவில் காட்டுங்கள் என்று அவர்களிடம் கேட்டாளாம். "பிளாக் பண்ணிட்டாங்கக்கா" என்று எழுதியிருக்கிறாள்.