ஹூசெபியா, இக்மானா: எந்த ஸ்கி ஜம்பிங் மேட்டைப் பார்க்கப் போகலாம்?

கைவிடப்பட்ட ஸ்கி ஜம்பிங் (பனிச்சறுக்கில் வேகமாக இறங்கி, காற்றில் தாவும் விளையாட்டு) மேடுகளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஐரோப்பாவில் நார்வே தலைநகர் ஒஸ்லோவின் ஹூசெபி, போஸ்னியா தலைநகர் சரயேவோ பக்கத்து இக்மான் மலை என்ற இரண்டுக்கு நடுவே குழப்பம் வரும்.

வரலாறு:
ஹூசெபி – 1879இல் இங்கே போட்டி தொடங்கியது. கோபுரமெல்லாம் கிடையாது, சரிவில் ஒரு பனித்திட்டு, அவ்வளவுதான். அதிலிருந்தே நார்வேயின் தெலெமார்க் பகுதி வீரர் தோர்யுஸ் ஹெம்மெஸ்த்வைத் 23 மீட்டர் தாண்டினார். பனி சரியாக விழாததால், 1892இல் போட்டி அதே நகரின் உயரமான ஹோல்மென்கொல்லன் குன்றுக்கு மாறிவிட்டது.
இக்மான் – 1984 சரயேவோ குளிர்கால ஒலிம்பிக். 70 மீட்டர் மேட்டில் கிழக்கு ஜெர்மனியின் யென்ஸ் வைஸ்ஃப்ளோக், 90 மீட்டர் மேட்டில் பின்லாந்தின் மத்தி நுக்கானென் தங்கம் வென்றார்கள். எட்டே வருடத்தில் போஸ்னியப் போர் வந்துவிட்டது.

மிச்சம்:
ஹூசெபி – பெயர் மட்டும்தான்.
இக்மான் – நிறையவே இருக்கிறது. வீரர்கள் சறுக்கி இறங்கும் ஓடுதளத்தின் கான்கிரீட், நடுவர் கோபுரம், அப்புறம் ஒலிம்பிக் வளையங்கள் போட்ட பரிசு மேடை. அதில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகும்.

போகிற வசதி:
ஹூசெபி – நகருக்குள்ளேயே இருக்கிறது.
இக்மான் – மலைப்பாதை, கார் வேண்டும். போரில் புதைத்த கண்ணிவெடி அபாயம் இருப்பதால் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கவே கூடாது.

நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் இக்மானுக்குப் போங்கள், யோசிக்கவே வேண்டாம். இந்த விளையாட்டு எங்கே வளர்ந்தது என்ற ஆர்வம்தான் பெரிது என்றால் ஹூசெபி. ஆனால் அதோடு நிறுத்தாமல், மெட்ரோ ரயிலில் ஹோல்மென்கொல்லனுக்கு ஏறி அங்குள்ள ஸ்கி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள்.