பிரஷரைக் குறைத்து எழுதித் தருகிறார்கள்: பிள்ளைத்தாய்ச்சிமார் கவனம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குத் திரிகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். என் தங்கச்சிக்கு எட்டாம் மாதத்தில் நடந்தது இது. வருத்தத்தின் பெயர் பிரிஎக்லாம்ப்சியா, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரஷர் ஏறித் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகிற வருத்தம். இடம், நகரத்தில் பிரதான வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தனியார் மருத்துவ நிலையம். பெயரை இப்போது எழுதவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது. அங்கே அவளுடைய பிரஷரை மூன்று தரம் அளந்தார்கள். கூடுதலாக வந்த இரண்டையும் விட்டுவிட்டு, குறைவாக வந்த ஒன்றை மட்டும் துண்டில் எழுதி டொக்டரிடம் அனுப்பினார்கள்.

தங்கச்சியின் கணவர் கட்டாரில். வீடு படுவான்கரையில், அம்மாவோடு இருக்கிறாள். 34 கிழமை. கால் வீக்கம் முன்பே இருந்தது. எட்டாம் மாதத்தில் கால் வீங்காத ஆள் யார் என்று எல்லாரும் விட்டுவிடுவோம், அதில் பிழையும் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை முகமும் ஊதியிருந்தது. விரலில் மோதிரம் இறுகிவிட்டது, சவர்க்காரம் போட்டும் கழற்ற முடியவில்லை. விடியத் தொடங்கிய தலையிடி பனடோல் போட்டும் போகவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலப்பக்க விலாவை ஒட்டி, ஒரு எரிவு. அன்றைக்கு எம்ஓஎச் (அரசாங்க சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக் இல்லை. இந்த இடத்தில் பின்னேரம் பெண்நோயியல் டொக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு சனல் பண்ணிக்கொண்டு (நேரம் பதிந்துகொண்டு) போனோம்.

மேல்மாடி. படியேறிப் போனதும் ஒரு சின்னப் பிள்ளை, இருபது வயது இருக்கும், கதிரையில் இருத்தி டிஜிட்டல் மெஷினைக் கையில் சுற்றினாள். 148/96. "படி ஏறி வந்ததால கூடியிருக்கு அக்கா" என்றாள். சரி, அது நியாயம். ஏறி வந்த களைப்பில் அளக்கவே கூடாது, ஐந்து நிமிடமாவது இருத்தி வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் இருத்தி வைக்கவில்லை, உடனே திரும்ப அளந்தாள். 144/94. பேனையை எடுக்கவே இல்லை. உள்ளே இருந்து மூத்த மிஸ் ஒருவர் எட்டிப் பார்த்து, "கட்டில்ல இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வைச்சுப் பாருங்க, இறங்கும்" என்றார். படுக்க வைத்தார்கள். இடப்பக்கம் சரிந்து படுத்தவளின் வலது கையில், அதாவது மேலே இருக்கிற கையில், மெஷினைச் சுற்றினார்கள். 126/80. "பாருங்க, நோர்மல்" என்று நீலப் பேனையால் துண்டில் எழுதினாள். எழுதினது அது ஒன்றுதான்.

இறங்கும் என்று அந்த மிஸ் சொன்னது சரிதான், ஆனால் இறங்கினது தங்கச்சியின் பிரஷர் இல்லை. கை இதயத்தின் மட்டத்தில் இருந்தால்தான் மெஷின் காட்டுகிற எண் சரி. கை அதற்கு மேலே 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் 7, 8 புள்ளி குறைத்துக் காட்டும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் மேலே இருக்கிற கை இதயத்தை விட நன்றாக உயரத்தில்தான் இருக்கும். பிறகு வாட்டில் இதைச் சொன்னபோது ஒரு நர்ஸ் மிஸ் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "இது நடக்கிறதுதான்" என்றார். அந்தப் பதில்தான் எனக்கு இதை எழுத வேண்டும் என்று பட்டதற்குக் காரணம்.

டொக்டர் துண்டைப் பார்த்தார், 126/80. கிளினிக் அட்டையை நீட்டினேன், விரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூன்றாம் மாதத்தில் இருந்து அவளுக்கு 100/60, 100/70 என்றே போய்க்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். அவளுக்கு அந்த 126ம் கூடுதல்தான். விலாவுக்குக் கீழே எரிவு என்றதும் "காஸ்ட்ரிக்" என்று குளிசை எழுதினார். தலையிடிக்குப் பனடோல். வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார். வெளியே வந்தோம்.

அப்புறம் கவுண்டரில் காசுக் கணக்கு. "தாய்மைப் பொதி" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தனித்தனியாகச் செய்தால் கூடுதல், பொதியாக எடுத்தால் குறைவு என்று டொக்டரின் துண்டைக் காட்டியே செய்ய வைத்தார்கள். தைரொயிட், விற்றமின் டி, கொலஸ்ட்ரோல், பளபளக்கும் தாளில் பிள்ளையின் முகம் அடித்துத் தருகிற ஸ்கான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கொலஸ்ட்ரோல் இயல்பாகவே ஏறும், அதை எட்டாம் மாதத்தில் எடுத்து யாருக்கு என்ன பயன்? பதினெட்டாயிரத்துச் சொச்சம் போனது. பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. அதில் இல்லாத ஒரே பரிசோதனை சலம், அதாவது சிறுநீர். வீக்கமும் தலையிடியும் பிரஷரும் என்று வந்த பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் பார்க்க வேண்டியது சலத்தில் புரதம் போகிறதா என்பது. இருக்கிற பரிசோதனைகளில் மலிவானதும் அதுதான். ஒருவேளை மலிவு என்பதால்தான் பொதிக்குள் இல்லையோ தெரியாது.

கீழே அவர்களுடைய பாமசியில், வீட்டில் பார்க்க ஒரு மெஷினும் விற்றார்கள். மணிக்கட்டில் கட்டுகிற வகை. "இது இருந்தா இனி ஓடித்திரியத் தேவையில்ல." ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த மெஷின் 120, 124 என்றே காட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி தலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு மாமி நீர்முள்ளி அவித்துக் கொண்டுவந்தார். அன்போடு கொண்டுவந்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வருத்தம் தொடங்குகிற இடம் நச்சுக்கொடி. கால் வீக்கம் வற்றினாலும் உள்ளே நடக்கிறது நடந்துகொண்டே இருக்கும். இரவு "அக்கா, கண்ணுக்கு முன்னால மின்மினி மாதிரி பறக்குது" என்றாள்.

திங்கள் விடிய எங்கள் பகுதிக் குடும்பநல மிஸ்ஸுக்கு (மருத்துவமாதுக்கு) போன் அடித்தேன். "கிளினிக்குக்குக் கொண்டு வாங்க, நடக்க விடாதீங்க" என்றார். கதிரையில் இருத்தி, கால் இரண்டையும் தரையில் வைக்கச் சொல்லி, கையை மேசையில் வைத்து, கதைக்காமல் இருக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அளந்தார். 162/106. குழாயில் சலத்தைச் சூடாக்கினார். தெளிவாக இருந்த சலத்தில் மேலே புரதம் வெள்ளையாகத் திரண்டது, அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல. அதைப் பார்த்துவிட்டு மிஸ் ஒன்றும் பேசவில்லை, 1990க்கு அடித்தார். சுவசெரிய அம்புலன்ஸ் காசு எடுப்பதில்லை. இது தெரியாமல் வான் தேடி நேரத்தைக் கரைக்கிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டும்போது அவள் சத்தி எடுக்கத் தொடங்கினாள்.

பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் (இரத்தத்தை உறையச் செய்கிற அணுக்கள்) 92,000. ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் இந்த வருத்தத்தில் கடுமையான பக்கம் என்று கணக்கு. ஈரல் என்சைம்களும் ஏறியிருந்தன. அப்போதுதான் விளங்கியது, அந்த "காஸ்ட்ரிக்" எரிவு ஈரல் வலி. வலப்பக்க விலாவுக்குக் கீழே எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் வருகிற வலியைக் காஸ்ட்ரிக் குளிசையோடு முடித்துவிட யாரையும் விடாதீர்கள். இரத்தமும் சலமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள், வலிப்பு வராமல் தடுக்க. ஏறும்போது உடம்பெல்லாம் தீப்பற்றி எரிவதுபோல் இருக்கிறது என்று கத்தினாள். அது அந்த மருந்தின் குணம், பயப்பட வேண்டாம் என்றார்கள். ஆனால் அந்த மருந்து கூடிப்போனாலும் ஆபத்து. அதனால் ஒரு மிஸ் மணிக்கு மணி வந்து, சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார். மூச்சை எண்ணுவார். சலப்பையில் எத்தனை மில்லி என்று குனிந்து பார்ப்பார். இரவு இரண்டு மணிக்கும் அதே சுத்தியல். வாட்டில் இருந்த இளம் டொக்டர், 2002ல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை வைத்து நடந்த ஆய்வைச் சொன்னார். இந்த ஊசி வலிப்பு வருகிற வாய்ப்பைப் பாதிக்கும் மேலே குறைத்ததாம். பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காக ஸ்டெரொயிட் ஊசியும் போட்டார்கள். பிறகு சிசேரியன். பிள்ளை 1.9 கிலோ. சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் வைத்திருந்து தந்தார்கள். இப்போது சத்தம் போட்டு வீட்டை நிறைக்கிறான்.

அந்த மணிக்கட்டு மெஷினையும் பையில் கொண்டுபோயிருந்தேன். வாட்டில் 166/108 இருந்த அதே நேரம் கட்டிப் பார்த்தோம், 131/84. மணிக்கட்டு மெஷின்கள் பொதுவாகவே கை வைக்கிற இடத்துக்கு ஏற்ப ஆடும். அதைவிட முக்கியமானது, சாதாரண ஆட்களுக்குச் சரியாகக் காட்டுகிற டிஜிட்டல் மெஷின்களிலேயே பல, இந்த வருத்தம் உள்ள தாய்மாருக்குக் குறைத்துக் காட்டும். கர்ப்ப காலத்துக்கென்று சோதித்துப் பார்த்த மொடல்கள் வேறாக இருக்கின்றன. வாங்குவதென்றால் முழங்கைக்கு மேலே சுற்றுகிற வகையாகப் பார்த்து, அந்த மொடல் கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள், தேசிய ஔடத ஒழுங்குமுறை அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாங்கினதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மிஸ்ஸின் கருவியோடு ஒரு தரம் ஒத்துப் பாருங்கள். கைப்பட்டியின் அளவும் பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் கூட்டிக் காட்டும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டி போட்டால் குறைத்துக் காட்டும்.

தனியாரிடம் போகவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போனால் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சரித்துப் படுக்க வைத்து மேலே இருக்கிற கையில் அளந்தால், இருத்தி வைத்து அளக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அளந்த எல்லா எண்ணையும் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள், அவர்கள் எழுதாவிட்டால் உங்கள் போனில் எழுதிக்கொள்ளுங்கள். 20 கிழமைக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேலே வந்தால், மேல் எண் ஒன்று மட்டும் ஏறினாலும் சரி, கீழ் எண் ஒன்று மட்டும் ஏறினாலும் சரி, அன்றைக்கே சலமும் பார்க்க வேண்டும். 160/110 என்றால் நேரே பெரியாஸ்பத்திரி. எண் எதுவாக இருந்தாலும், போகாத தலையிடி, கண்ணில் பறக்கிற வெளிச்சம், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகம் ஊதுவது, மூச்சு முட்டுவது, இவற்றில் ஒன்று வந்தால் எந்தத் துண்டையும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். பிள்ளை பிறந்த பிறகும் இது முடிந்துவிடாது. பிரஷர் பிறந்து மூன்று முதல் ஆறு நாளுக்குள் திரும்ப ஏறலாம், ஆறு கிழமைக்குள் வலிப்பும் வரலாம். தங்கச்சிக்கு டிக்கெட் வெட்டி அனுப்பும்போதே பிரஷருக்கு நிபேடிபின் குளிசை தந்து, மிஸ்ஸிடம் அடிக்கடி பிரஷர் காட்டச் சொன்னார்கள். அடுத்த பிள்ளை தங்கினால் முதலாவது கிளினிக்கிலேயே இந்தக் கதையைச் சொல்ல வேண்டுமாம். 12 கிழமையில் இருந்து சின்ன அளவு அஸ்பிரின் தருவார்கள். டொக்டர் சொல்லாமல் தாங்களாகப் போடக் கூடாது.

தங்கச்சி வீடு வந்த பிறகு அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். முதல் இரண்டு அளவும் எங்கே என்று கேட்டேன். "எங்கட பதிவில ஒரு ரீடிங்தான் இருக்கு" என்றார் முகாமையாளர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றேன். "நீங்க டொக்டரா?" என்று கேட்டார். கேட்ட விதத்தை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் கழித்து அவரே போன் எடுத்தார். மெஷின் காசைத் திருப்பித் தருவார்களாம், பெட்டியோடு கொண்டுவர வேண்டுமாம், பொதியின் காசு தர முடியாதாம், "வெளியில கதைக்காம முடிச்சுக்குவம்" என்றார். பெட்டியை அம்மா எப்போதோ குப்பையோடு எரித்துவிட்டார்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், துண்டு, பற்றுச்சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், மூலப் பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப்படுத்தும் சபையில் பதிந்திருக்க வேண்டும். சிகிச்சை பற்றிய முறைப்பாட்டை அங்கே எழுத்தில் அனுப்பலாம். விற்ற பொருள், பற்றுச்சீட்டு விவகாரம் என்றால் நுகர்வோர் அதிகாரசபை, இலக்கம் 1977. நாங்கள் இரண்டுக்கும் அனுப்பியிருக்கிறோம், ஒரு பிரதி மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும். நீலப் பேனையில் 126/80 எழுதின துண்டின் படமும் கூடவே போயிருக்கிறது. பதில் வந்தால் எழுதுகிறேன்.