ஒப்பீட்டுக் கணக்குகளுக்கு வண்ணக் குச்சிகள்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் எங்களுடன் வசிக்கும் பேரப்பிள்ளைகளில் மூத்தவளுக்காக வாங்கிய குய்சனேர் வண்ணக் குச்சிகள் இப்போது இளையவனின் கையில் இருக்கின்றன. பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குய்சனேர் வடிவமைத்த இவை, 1 செ.மீ. வெள்ளை முதல் 10 செ.மீ. ஆரஞ்சு வரை நீளத்துக்கு ஒரு நிறமாக அமைந்தவை. சாதாரணக் கூட்டல் கழித்தலுக்கு விரல்களே போதும் என்பது என் எண்ணம். ஒன்று மற்றொன்றைவிட எத்தனை அதிகம் அல்லது குறைவு என்று வரும் ஒப்பீட்டுக் கணக்கில்தான் இவற்றின் அருமை தெரிகிறது.

அத்தகைய கணக்கில் எதுவும் வந்து சேர்வதுமில்லை, செலவாவதுமில்லை. இரண்டு அளவுகளும் அப்படியே இருக்க, அவற்றின் வேறுபாட்டை மட்டும் தனியொரு பொருளாக மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் ஆறேழு வயதுப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "மீனாவிடம் 8 லிச்சிப் பழங்கள், அது அண்ணனிடம் இருப்பதைவிட 3 அதிகம், அண்ணனிடம் எத்தனை?" என்றால், 'அதிகம்' காதில் விழுந்ததுமே இளையவன் 11 என்று சொல்லிவிடுவான். இப்போதெல்லாம் எண்ணைத் தொடுமுன், "யாருடைய குச்சி நீளம்?" என்று மட்டும் கேட்கிறேன். மீனாவுக்குப் பழுப்புக் குச்சியை வைத்து, அதன் வலது ஓரத்தை ஒட்டிக் கீழே வெளிர்பச்சையைப் பொருத்தினால், மீதியுள்ள இடத்தில் மஞ்சள் கச்சிதமாக உட்காருகிறது. பச்சையை அவனே தள்ளி வைத்துவிட்டு, "இது அண்ணன்கிட்ட இல்ல, பாட்டி" என்கிறான்.

வேறுபாட்டையே கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்குக்குக் குச்சிகூடத் தேவையில்லை; கேள்வியை மாற்றிக் கேட்டாலே போதும். 'பறவைகள் புழுக்களைவிட எத்தனை அதிகம்?' என்பதைவிட, 'எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?' என்ற கேள்விக்குச் சிறுவர்கள் மிக எளிதாக விடை சொன்னதை ஹட்சன் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது.

குறைகளும் உண்டு. வெள்ளைக் குச்சிகள் சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தால் திரும்பி வருவதில்லை. நிறமே எண்ணாகிவிடும் அபாயமும் உண்டு: மூத்தவள் நெடுநாள் 5ஐ மஞ்சள் என்றே சொன்னாள். கணக்கை வாசித்துப் புரிந்துகொள்வதற்கும் குச்சி உதவாது; வீட்டில் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலப் பாடநூலின் கணக்கை முதலில் கதையாகச் சொல்லியே ஆகவேண்டும்.

எண்கள் 20ஐத் தாண்டினால் குச்சிகளை அடுக்குவதிலேயே கவனம் போய்விடுகிறது. ஆகவே, 34 ரூபாய், 19 ரூபாய் என்று வரும்போது, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்து பழக்கத்தில் உள்ள முறைப்படி மூத்தவள் நோட்டில் தொகைக்கு ஒன்றாக இரண்டு பட்டைகளை வரைந்துகொள்கிறாள். அவற்றை அளந்து வரைய வேண்டியதில்லை. எது நீளம் என்பது சரியாக இருந்தால் போதும்.