பயோகேஸ் பிளான்டுக்கு ஃப்ளேம்ப்ரூஃப் சாக்கெட்: வாங்கிப் போட்டவனின் அனுபவம்

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லில் எலக்ட்ரிக்கல் பராமரிப்பு என் பொறுப்பு. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சீசன் தொடங்கும் முன்பு பயோகேஸ் பிளான்டுக்காக 32 ஆம்பியர், மூன்று பேஸ் ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே வெடித்தாலும் வெளியே தீ பரவவிடாத) சாக்கெட்டும் அதற்கான பிளக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில் ஆர்டர் கொடுத்து வாங்கினோம். நம் ஊர்ப் பக்கம் பல மில்களில் கழிவுநீரிலிருந்து கேஸ் எடுக்கிறார்கள். அங்கே கரண்ட் வேலை பார்ப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

கிழங்குப் பால் வடித்த தண்ணீர் மூடிய தொட்டியில் புளிக்கும்போது வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் தீப்பிடிக்கும். பற்ற வைக்க 0.3 மில்லிஜூல் கூடத் தேவையில்லை. ஓடுகிற பம்பின் பிளக்கைப் பிடுங்கும்போது நீலமாக ஒரு பொறி அடிக்குமே, அதில் இதைவிடப் பல மடங்கு சக்தி இருக்கிறது. எங்கள் பிளான்டில் சேறு இழுக்கும் பம்பை இடம் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருப்பதால் சாக்கெட்டை வெளியே தள்ளி வைக்க வழியில்லை. தள்ளி வைக்க முடிகிறவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள், அதுதான் செலவே இல்லாத பாதுகாப்பு.

இந்தச் சாக்கெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இன்டர்லாக். பிளக்கை முழுதாகச் செருகினால்தான் ஸ்விட்ச் கைப்பிடி திரும்பும். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை பிளக்கை எவ்வளவு இழுத்தாலும் வராது. போட்ட வாரமே தொட்டிப் பக்கமிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான்: “பிளக்கு கழட்ட வரமாட்டேங்குதுங்கண்ணா!” “முதல்ல ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுப்பா” என்றேன். கைப்பிடியைத் திருப்பியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம், பிளக் கையோடு வந்துவிட்டது. அவனுக்கு மீத்தேன் பாடம் எடுக்காமலே வேலை பாதுகாப்பாக முடிந்தது. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் இடத்தில், ஒவ்வொருவரின் ஞாபகத்தையும் நம்பி இருப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஃப்ளேம்ப்ரூஃப் பாக்ஸுக்குள் கேஸ் போகாது என்று பலர் நினைப்பது தவறு. கேஸ் உள்ளே போகும், வெடிக்கவும் செய்யலாம். பாக்ஸ் அந்த வெடிப்பைத் தாங்கும். மூடிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக வெளியே வரும்போது சுடர் ஆறி அணைந்துவிடும். அதனால் மூடியும் உடம்பும் சேரும் அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும், யாராவது பெயின்ட் அடித்தாலும், ஒரு போல்ட் குறைந்தாலும் வெறும் கனமான டப்பாதான் மிஞ்சும். சர்வீஸ் செய்யும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்கும் பழக்கம் நம் வயர்மேன்களிடம் உண்டு. இதில் அது கூடவே கூடாது.

குறை என்று பார்த்தால் கிளாண்டு விஷயம், அதாவது கேபிள் நுழையும் துளையில் கேபிளைக் கவ்விப் பிடிக்கும் பாகம். பாக்ஸில் கேபிள் நுழைய இரண்டு துளைகள். ஒன்றுக்குச் சிங்கிள் கம்ப்ரெஷன் கிளாண்டு அனுப்பியிருந்தார்கள், ஆர்டரில் நான் எழுதியது ஃப்ளேம்ப்ரூஃப் டபுள் கம்ப்ரெஷன். இன்னொரு துளையில் வண்டியில் வரும்போது தூசி போகாமலிருக்க வைத்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. அதை விட்டுவிட்டு லைன் கொடுத்திருந்தால் பாக்ஸுக்குக் கொடுத்த பணம் முழுக்க வீண். கடைக்காரர் முதலில் “எல்லாரும் இப்படித்தான் போடறாங்க சார்” என்றார். விடாமல் கேட்ட பிறகு இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். கேபிள் நுழையாத துளையை அடைக்க, சர்டிபிகேட் உள்ள பித்தளை ஸ்டாப்பர் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். கேபிளின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போனால்தான் கிளாண்டு சரியாகக் கவ்வும்.

மூடி மேல் ‘கரண்ட் இருக்கும்போது திறக்காதே’ என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. எங்கள் மில்லில் அதைப் படிக்கக்கூடியவர்கள் ஒன்றிரண்டு பேர். பக்கத்துச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்தோம். கம்பெனிக்காரர்களே இதைச் செய்யலாம்.

விலை சாதாரண இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டைப்போலப் பல மடங்கு. முதலாளியிடம் ஒப்புதல் வாங்கத் தயக்கமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். பிளக் அதே கம்பெனியுடையது மட்டும்தான் சேரும், எனவே ஸ்பேர் பிளக் ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அப்ரூவல் நகலைக் கேட்டு, அதிலுள்ள மாடலும் பாக்ஸின் தகட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

சாக்கெட் மட்டும் சரியாக இருந்து பம்ப் மோட்டார் சாதாரணமாக இருந்தால் பயனில்லை. பயோகேஸில் அழுகிய முட்டை வாடை வருகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு சுமார் 260 டிகிரியிலேயே தானாகப் பற்றும். அதனால் மேல்பரப்பு 200 டிகிரியைத் தாண்டாத டி3 வகை மோட்டாராகப் பார்த்தோம். அதே வாயு செம்பையும் அரிக்கும். சீசன் முடிந்ததும் லைனைத் துண்டித்துவிட்டுத் திறந்து டெர்மினல்கள் கறுத்திருக்கின்றனவா என்று பார்க்கப் போகிறேன்.

அப்புறம், ஸ்டார்ச் மூட்டை பிடிக்கும் ஹாலுக்கும் இதையே வாங்கலாமா என்று பக்கத்து மில்லில் கேட்டார்கள். அங்கே ஆபத்து மாவுத் தூசி. கேஸுக்கு அப்ரூவல் ஆன பாக்ஸ் தூசிக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, தகட்டில் தூசிக்கான குறியீடும் தனியாக இருக்க வேண்டும். நாங்கள் வாங்கியதில் அது இல்லை.