பிசிஎல்லா, ஜெலட்டினா?

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகள் முதலில் கேட்பது இதுதான்: நானோ இழைச் சாரத்துக்கு, அதாவது செல்கள் ஒட்டி வளர மிக மெல்லிய இழைகளால் நூற்கும் தாங்கிக்கு, இந்த இரண்டில் எதை எடுக்கலாம்?

பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன், உடலில் மெல்லச் சிதையும் ஒரு பிளாஸ்டிக்) சொன்ன பேச்சு கேட்கும். கரைசலை சிரிஞ்சில் ஏற்றி 15 கிலோவோல்ட் கொடுத்தால், ஊசி நுனியில் துளி கூம்பாகி, இழையாக நீண்டு, எதிரே அலுமினியத் தாளில் வெள்ளையாகப் படியும். டிஷ்யூ பேப்பர் மாதிரி உரித்தெடுக்கலாம். உடலுக்குள் சிதைய இரண்டு வருடம்கூட ஆகும் என்பதால் எலும்பு வேலைக்குச் சரி. ஆனால் மேலே தண்ணீர் விட்டால் தாமரை இலைதான். செல்கள் எளிதில் ஒட்டாது.

ஜெலட்டின் நேர்மாறு. தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவதால் செல்களுக்குப் பழகிய இடம். சிக்கல் என்னவென்றால், செல் வளர்ப்புத் திரவத்தில் போட்டதும் கரைந்துவிடும். கரையாமல் இருக்க, குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளின் ஆவி காட்டி இழைகளைப் பிணைக்க வேண்டும். அப்புறம் அதன் மிச்சம் செல்களைக் கொல்லாதபடி நன்றாகக் கழுவவும் வேண்டும். ஜூலை மழையில் இன்னும் மோசம். ஒருமுறை ராத்திரி முழுக்க நூற்ற பாய், காலையில் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது.

முதல் முயற்சிக்கு பிசிஎல் எடுங்கள். தோல் புண்ணுக்கு என்றால் இரண்டையும் கலந்து நூற்பதே என் வழக்கம்.