ரேடியேட்டரில் குமிழி காட்டி என்ஜின் ஹெட்டைக் கழற்றணும் என்றால் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

லீவுக்கு ஏற்காடு, கொடைக்கானல் என்று பழைய வண்டியில் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போன பணம் 14,500.

என்னுடையது 2008 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது, விற்க மனம் வரவில்லை. ஆறு மாதமாகவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. வாரம் ஒருமுறை அரை லிட்டர் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். அது முழுக்க என் சோம்பேறித்தனம்.

ஏப்ரலில் சேலத்தில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு மதிய வெயிலில் தர்மபுரிக்குத் திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மெதுவாக உருட்டிக்கொண்டு போய் நெடுஞ்சாலை ஓரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். பெயர் வேண்டாம்.

அங்கே இருந்தவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினார், மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரத்தில் குபுகுபுவென்று குமிழி வந்தது. "பாருங்க சார், கேஸ் வருது. ஹெட் கேஸ்கட் போயிடுச்சு. இப்படியே ஓட்டினா என்ஜின் சீஸ் ஆகி இறுகிடும்" என்றார். ஹெட் என்பது என்ஜினின் மேல்பகுதி; அதற்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் வைக்கும் தகடுதான் கேஸ்கட். அது போனால் எரிந்த புகை தண்ணீருக்குள் கசியும். பின்சீட்டில் மனைவியும் தூங்கி விழுகிற குழந்தையும். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது? சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்க லேத்தில் ஃபேசிங் போட்டது, கேஸ்கட் செட், கூலி எல்லாம் சேர்த்து 14,500. கரி பிடித்த பழைய கேஸ்கட்டைக் காட்டினார், போட்டோ எடுத்துக்கொண்டேன். "தெர்மோஸ்டாட்டையும் எடுத்து விட்டுட்டேன் சார், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்று இலவசமாக ஏதோ செய்து கொடுத்த மாதிரி சொன்னார். என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு அது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்.

ஒன்பதாவது நாள் முள் மறுபடி மேலே.

இந்த முறை வீட்டுப் பக்கத்தில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். எல்லோருக்கும் அவர் பாய்தான். ஸ்பேனரையே தொடாமல், "காலையில வண்டி ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க்ல தண்ணி எவ்வளவு நிக்குது தம்பி?" என்றார். அது எப்போதும் ஃபுல்லாகத்தான் இருக்கும் பாய் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "டேங்க் ஃபுல்லு, ரேடியேட்டர் காலி. அப்போ போன தண்ணி திரும்பி வரலை" என்று சொல்லிவிட்டு மூடியைக் கையில் எடுத்தார்.

அந்தச் சின்ன மூடியில் இரண்டு வால்வு உண்டு. ஒன்று ஸ்பிரிங் வைத்து உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அதனால்தான் கூலன்ட், அதாவது ரேடியேட்டரில் ஓடும் திரவம், 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வாக்கில்வரை தாங்குகிறது. அழுத்தம் மிஞ்சினால் ரிசர்வ் டேங்குக்குத் தள்ளிவிடும். என்ஜின் ஆறும்போது நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து, தள்ளியதைத் திரும்ப உறிஞ்சும். என் மூடியில் ரப்பர் வெந்து ஒட்டிப்போயிருந்தது, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. ஓடும்போது டேங்க் வழிந்து தண்ணீர் ரோட்டில் போய்விடும். நிறுத்திய இடத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். கால் மணி நேரம் பம்பின் மீட்டர் முள் இறங்கவில்லை. ஹோஸ், வாட்டர் பம்ப், கேஸ்கட் எதில் கசிந்தாலும் முள் இறங்கியிருக்கும். கேஸ்கட்தான் புதுசாச்சே பாய் என்று போட்டோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்தவர், "உங்க வண்டிக்கு எத்தனை சிலிண்டர்?" என்றார்.

மூன்று. போட்டோவில் இருந்த கேஸ்கட்டில் பெரிய ஓட்டைகள் நான்கு.

டார்ச் அடித்துக் காட்டினார். ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் பல வருட எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே கலையாமல் இருந்தது. ஹெட்டை யாரும் கழற்றவே இல்லை.

குமிழி பொய்யில்லை, அதற்குச் சொன்ன காரணம்தான் பொய். தண்ணீர் குறைந்த ரேடியேட்டரில் புதிதாக ஊற்றினால், உள்ளே மாட்டிய காற்று கொஞ்ச நேரம் குமிழியாக வந்து அப்புறம் நின்றுவிடும். கேஸ்கட் போயிருந்தால் அது நிற்காது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடும். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, என்ஜின் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். சந்தேகம் இருந்தால் நீல நிறத் திரவம் வைத்து ஒரு டெஸ்ட் இருக்கிறது: எரிந்த புகை கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். இதையோ பம்ப் டெஸ்டையோ செய்யாமல் யாரும் ஹெட்டைத் தொட விடாதீர்கள். தெர்மோஸ்டாட்டையும் கழற்ற விடாதீர்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், மைலேஜ் குறையும்.

புது மூடி, தெர்மோஸ்டாட், கூலன்ட், பாயின் கூலி எல்லாம் சேர்த்தே இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. மே மாதம் முழுக்க ஓட்டிவிட்டேன், முள் பாதியைத் தாண்டவில்லை.

பழைய இடத்துக்குப் போட்டோவோடு போனேன். "பையன் வேற வண்டி கேஸ்கட்டை மாத்திக் காட்டிட்டான் சார்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவேன் என்றேன். "பில் இருக்கா சார்?" என்று சிரித்தார். மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் 3,000 ரூபாயைக் கையில் திணித்தார். என் பழைய தெர்மோஸ்டாட்டைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம்.