காதில் ஓட்டையை அடைக்கிறேன் என்பவரிடம் முதலில் ஸ்கேன் கேளுங்கள்

அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வடியும். சொட்டு மருந்து விட்டால் நிற்கும், சளி பிடித்தால் திரும்ப வரும். இரண்டு வருடமாகச் சீழ் குறைந்து நாற்றம் கூடியது. தலையணை உறையைத் துவைத்தாலும் அந்த வாடை போகவில்லை. அதுதான் முக்கியமான அறிகுறி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு தனியார் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "செவிப்பறையில சின்ன ஓட்டைதாம்மா, ஒட்டு போட்டுடலாம். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். பேக்கேஜ் 45,000 ரூபாய். சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "எதுக்கு வீண் செலவு?" என்று சிரித்தார். நமக்காகச் செலவைக் குறைக்கிறாரே என்று நெகிழ்ந்தே போனேன். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும் எடுக்கவில்லை.

ஒட்டு நன்றாகவே பிடித்தது. ஏழாவது மாதம் நாற்றம் திரும்பியது. அப்புறம், காதை அழுத்தித் துடைத்தாலே அம்மாவுக்குத் தலை சுற்றியது. பயந்துபோய் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே மைக்ரோஸ்கோப்பில் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தாங்களா?"

ஸ்கேனில் தெரிந்தது கொலஸ்டியடோமா. கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை (பெரியம்மா முட்டையை நிறுத்தச் சொன்னார்). புற்றுநோயும் இல்லை. செவிப்பறையின் மேல்பகுதி உள்ளே குழிந்து பை மாதிரி ஆகி, அதில் உதிர்ந்த தோல் சேர்ந்துகொண்டே போகும். அது சுற்றியிருக்கும் எலும்பை அரிக்கும். அம்மாவுக்குக் காதின் குட்டி எலும்புகளில் ஒன்று பாதி போயிருந்தது, உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உள்காதுக் குழாயின் சுவரிலும் ஓட்டை விழுந்திருந்தது. அதனால்தான் தலைசுற்றல். முகநரம்பும் மூளை உறையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நடுக்காது சீழில் இரண்டு வகை. ஒன்றில் செவிப்பறையின் நடுவில் ஓட்டை இருக்கும், சளி மாதிரி வடியும், ஆபத்து குறைவு. அதற்குக் காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப் போடுவது நல்ல சிகிச்சைதான். அந்த ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை. இரண்டாவது வகைதான் அம்மாவுக்கு வந்த கொலஸ்டியடோமா. அதில் காதுக்குப் பின்னால் மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து நோயை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். சொட்டு மருந்தில் அது தீராது. எங்கள் கிளினிக்காரர் உள்ளே இருந்த நோயை விட்டுவிட்டு வாசலை மட்டும் பூசியிருக்கிறார்.

இரண்டாவது ஆபரேஷனில் காதுக்குழாயின் பின்சுவரையும் எடுக்க வேண்டியதாயிற்று. சுவரை வைத்துக்கொண்டும் செய்யலாம், ஆனால் நோய் ஒளிந்திருக்கிறதா என்று பின்னால் மறுபடி திறந்தோ எம்.ஆர்.ஐ. எடுத்தோ பார்க்க வேண்டும், அம்மாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதுக் குழியைச் சுத்தம் செய்ய அழைத்துப் போகிறேன். தலைக்குக் குளிக்கும்போது காதில் வாஸ்லின் தடவிய பஞ்சு. சுற்றல் நின்றுவிட்டது. இடது காது கேட்பது குறைவுதான். முதல் ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு கேட்டது என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு தாளும் இல்லை.

அதனால்தான் பதிவேட்டைக் கேட்டு கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எனக்கு மூன்று வாரம் ஆனது. ரசீதில் 'காது ஆபரேஷன்' என்று மட்டும் இருந்தது. ஆபரேஷன் குறிப்பு என்று ஒரே ஒரு பக்கம் கொடுத்தார்கள். அதில் ஒட்டுப் போட்டது வலது காதில் என்று எழுதியிருந்தது.